பையன் அழுதால் படத்தைக் குறை சொல்வதா?

கேள்வி: மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வாசகர், ஆகஸ்ட் 16, 2025

பையனுக்கு எட்டு வயசுங்க, மூணாவது படிக்கிறான். நேத்து சுதந்திர தின லீவுன்னு மீன் படம் போட்டுக் குடுத்தேன். அம்மா மீன் செத்ததும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பிச்சுட்டான். படம் முடிஞ்சும் சோறு எறங்கல. வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு ரிமோட்டைப் பிடுங்கி வெச்சுட்டார். "இதையெல்லாம் காட்டிக் காட்டித்தான் இவன் இப்படி ஆகிட்டான். சோட்டா பீம் பார்க்கட்டும், சண்டைப் படம் பார்க்கட்டும். நாளைக்கு நாலு பேர் அடிச்சா திருப்பி அடிக்கத் தெரிய வேண்டாமா?"ன்னு கேக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இந்தக் கார்ட்டூன் படமெல்லாம் ஆம்பளப் பசங்களைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிடுமாங்க?

ஆகஸ்ட் 17, ஞாயிறு காலை

ஆக்காது அம்மணி. அந்தப் படத்தில் பயந்தாங்கொள்ளி யாரென்று வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை பாருங்கள். பிள்ளை இல்லை, அப்பா.

'ஃபைண்டிங் நீமோ' 2003-இல் வந்தது. சீலா மீன் ஒன்று வந்து தாயையும் முட்டைகளையும் அழித்துவிட்டுப் போகிறது. மிஞ்சுவது ஒரே முட்டை. அதிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு பக்கத் துடுப்பு சிறுத்திருக்கிறது. அன்றைக்கு அப்பா மீன் மார்லின் மனசில் விழுந்த பயம் போகவே இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே கை நடுங்குகிறது. நாலு பிள்ளைகள் முன்னால் "உன்னால் முடியாது" என்று அதட்டுகிறார். அந்த எரிச்சலில்தான் நீமோ படகைத் தொடப் போய் மாட்டிக்கொள்கிறான். ஆக, கெடுதலுக்குக் காரணம் பையனின் இளகிய மனசு இல்லை. அப்பாவின் பயம்தான், அதுவும் கண்டிப்பு என்ற வேஷத்தில்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வலைக் காட்சி வருகிறதே, அதை விட்டுவிடாதீர்கள். பிள்ளையைத் தேடக் கூட வந்த டோரி என்ற மீன், வேறொரு மீன்கூட்டத்தோடு சேர்ந்து வலையில் அகப்பட்டுவிடுகிறாள். நீமோ, "நான் உள்ளே போய் எல்லோரையும் கீழே பார்த்து நீந்தச் சொல்கிறேன்" என்கிறான். கடல் முழுக்கத் தேடி அப்போதுதான் கைக்கு வந்த பிள்ளை. மார்லின் பிடித்த பிடியை விட மனசில்லாமல் பார்க்கிறார், அப்புறம் விடுகிறார். படம் அந்த ஒரு இடத்துக்காகத்தான் எடுக்கப்பட்டது என்பேன். அதில் பெரியவனாகிறது அப்பா.

உங்கள் பையன் எட்டு வயசில் அம்மா மீன் செத்ததற்கு அழுதான். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 17, இரவு

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் வாடகைக்கு சிடி கொடுக்கும் கடை வைத்திருந்தேன். தமிழ் டப்பிங் கோயமுத்தூரிலிருந்து வரும், மலையாளம் பாலக்காட்டிலிருந்து. எங்கள் ஊரில் ஒரே வீட்டில் பாட்டி தமிழில் பார்ப்பார், பேரன் மலையாளத்தில் பார்ப்பான். பொங்கல், ஓணம் இரண்டுக்கும் கடையில் கூட்டம் நெரியும். பிள்ளைகள் படத்துக்குத் தனி வரிசை வைத்திருந்தேன். அந்த வரிசைக்கு அதிகம் வந்து நின்றவர்கள் அப்பாக்கள். "பிள்ளைக்கு" என்று சொல்லி எடுத்துப் போவார்கள். திருப்பித் தரும்போது கதை பேசுவது அவர்களாகத்தான் இருக்கும்.

கள்ளு இறக்கும் ஒருத்தர் இருந்தார். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னங்கள்ளுக்குப் பேர் போனது, தெரிந்திருக்கும். அவர் 'லயன் கிங்' தான் எடுப்பார். அந்த சிடியில் கீறல் விழுந்துவிட்டது. ஒரு நாள் வேலை முடிந்து, இடுப்பில் பாளை அரிவாளோடு வந்து, "அந்த இடம் ஓடுதான்னு மட்டும் போட்டுக் காட்டுங்க" என்றார். எந்த இடம் என்று கேட்கவே தேவையில்லை. சிங்கக்குட்டி அப்பாவின் காதைப் பிடித்து இழுத்துப் பார்க்கும், எழுந்திருக்காது என்று தெரிந்ததும் அந்தக் கைக்குக் கீழே நுழைந்து படுத்துக்கொள்ளும். நின்றபடியே பார்த்தார். திரை நிற்காமல் ஓடியது. "சரி, குடுங்க" என்று வாங்கிப் போனார்.

அவருடைய அப்பா தென்னையிலிருந்து விழுந்து இறந்தவர். தினமும் அதே மரத்தில் ஏறுகிற ஆளைத் தொடைநடுங்கி என்று யார் சொல்ல முடியும்?

ஆகஸ்ட் 19

பொள்ளாச்சி நண்பர் கேட்டிருக்கிறார்: "இரக்கம் சரி, தைரியமும் வேணுமே. 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படத்தில் ரெண்டும் இருக்கு. அதைக் காட்டலாமே?"

காட்டலாம். 2010-இல் வந்த அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பிடிக்கும். ஆனால் எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு.

ஊரே டிராகன் கொல்லும் ஊர். தலைவருடைய பிள்ளை ஹிக்கப், நோஞ்சான். கட்டுண்டு கிடக்கும் டிராகன் முன்னால் கத்தியை ஓங்குகிறான், முடியவில்லை. கட்டை அறுத்து விடுகிறான். அதுவரை பிரமாதம். அந்த இரக்கத்தால் டிராகனோடு பழகுகிறான். பழகியதால் அதன் சூட்சுமம் தெரிகிறது. சூட்சுமம் தெரிந்ததால் பயிற்சிக் களத்தில் எல்லோரையும் முந்துகிறான், கடைசியில் மலையளவு டிராகனை வீழ்த்துகிறான். ஊர் ஏற்றுக்கொள்கிறது.

இரக்கம் ஒரு ஆயுதமாகி, ஆயுதம் ஜெயித்து, ஜெயித்ததால் மதிப்பு கிடைக்கிறது. "நீ என் பிள்ளையே இல்லை" என்று சொன்ன அப்பா மன்னிப்புக் கேட்கிறார். சண்டை முடிவதற்கு முன்னாலேயே கேட்கிறார், அது அந்தப் படத்தின் பெருந்தன்மை. ஆனால் எப்போது? பையன் கூட்டாளிகளோடு டிராகன் மேல் ஏறி வந்து, தான் எதற்கும் லாயக்கு என்று காட்டிய பிறகு.

இப்படி யோசித்துப் பாருங்கள். கட்டை அறுத்து விட்டதும் அந்த டிராகன் பறந்து போய்விடுகிறது, திரும்பி வரவே இல்லை. பையனுக்கு ஒரு லாபமும் இல்லை. அப்போதும் அவன் செய்தது சரிதானே? அந்தப் பையனுக்கு ஒரு படம் வேண்டாமா?

ஆகஸ்ட் 19, பின்னிரவு

எனக்கு இந்தப் படங்களிடம் இருக்கும் ஒரே மனத்தாங்கல் இதுதான். ஆண்பிள்ளை மென்மையாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். கூடவே அந்த மென்மைக்குக் கூலி கொடுத்துவிடுகிறார்கள். கோப்பை கிடைக்கும், கூட்டம் கைதட்டும், அப்பா கட்டிக்கொள்வார். பார்க்கிற பையன், "நல்லவனா இருந்தா ஜெயிக்கலாம்" என்று எடுத்துக்கொள்கிறான். வகுப்பில் நாலு பேர் கேலி செய்யும் பையனோடு இவனைச் சேர்ந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கோப்பையும் வராது. கேலிதான் இவன் மேலும் சேர்ந்து விழும். அப்போது அவன் கைவசம் என்ன இருக்கும்?

ஆகஸ்ட் 21

அப்படிப்பட்ட பையன் எந்தப் படத்தில்தான் இருக்கிறான் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறான். 1988-இல் ஜப்பானில் மியாசாகி எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ'. கண்டா என்று ஒரு கிராமத்துப் பையன், மொத்தமாகவே கொஞ்ச நேரம்தான் வருவான்.

ஊருக்குப் புதிதாகக் குடிவந்த சட்சுகியைப் பார்த்ததும், "உங்க வீடு பேய் வீடு" என்று கத்திவிட்டு ஓடுகிறவன். அந்த வயசுப் பையனுக்குப் பெண்பிள்ளையிடம் பேச வேறு வழி தெரியாது. பிறகு ஒரு நாள் மழை. சட்சுகியும் சின்னத் தங்கையும் குடையில்லாமல் வழியில் ஒதுங்கி நிற்கிறார்கள். கண்டா தன் குடையில் வருகிறான், கடந்து போகிறான், திரும்பி வருகிறான். ஒரு வார்த்தை பேசாமல் குடையை நீட்டுகிறான். அவள் தயங்குகிறாள். அவள் முன்னால் அதை வைத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே ஓடுகிறான்.

வீட்டில் அம்மா குடை எங்கே என்று கேட்கிறாள். மறந்துவிட்டேன் என்கிறான். மழைக்குள் குடையை மறக்கிறவன் உண்டா என்று திட்டு விழுகிறது. வாங்கிக்கொள்கிறான், காரணத்தைச் சொல்லவில்லை. பிறகு சட்சுகி குடையைத் திருப்பித் தர வரும்போது முன்னால் வராமல் உள்ளேயே இருந்துகொள்கிறான். ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை.

என் பையன் பார்க்கும்போது, "குடுத்தேன்னு சொல்லியிருந்தா திட்டு விழுந்திருக்காதே?" என்று கேட்டான். அவன் அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சொன்னா கிண்டல் பண்ணுவாங்கடா" என்றாள். பன்னிரண்டு வயசுப் பெண் அவள். ஆண்பிள்ளை நல்லது செய்வதைக்கூட ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது அவளுக்கு இந்த வயசிலேயே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதுதான் மனசில் தைத்தது.

அந்தப் படத்தின் அப்பாவையும் பாருங்கள். மனைவி ஆஸ்பத்திரியில், இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவள் காட்டில் பெரிய பிராணியைப் பார்த்தேன் என்கிறாள். சிரிக்காமல், அதட்டாமல், அப்படியே நம்பி, கூட்டிக்கொண்டு போய் மரத்துக்கு வணக்கம் சொல்ல வைக்கிறார். இவ்வளவுதான் அவர் செய்வது. அவருக்கு எந்த வில்லனும் இல்லை.

ஆகஸ்ட் 22

சின்ன விஷயம். மீன் படத்தைப் பற்றி ஒருவர், "அப்பாவை அம்மா மாதிரி காட்டிட்டாங்க, இயற்கைக்கு விரோதம்" என்று எழுதியிருக்கிறார். அந்த வகைக் கோமாளி மீன் கூட்டத்தில் பெண்மீன்தான் பெரியது. அது செத்துவிட்டால் அதற்கு அடுத்த பெரிய ஆண்மீன் பெண்ணாக மாறிவிடும். முட்டையைக் காவல் காத்து, துடுப்பால் விசிறிப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் ஆண்மீன்தான். இயற்கையோடு ஒப்பிட்டால் படம் ரொம்ப அடக்கித்தான் வாசித்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செங்கோட்டை அக்கா கோபமாக எழுதியிருக்கிறார்: "ஜப்பான்காரன், அமெரிக்காக்காரன் படம்தான் உங்களுக்குக் கிடைச்சுதா? நம்ம கதையில இளகின மனசுப் பையனே இல்லையா?"

இருக்கிறான் அக்கா, எல்லோருக்கும் மேலேயே இருக்கிறான். பிரகலாதன். 2025 ஜூலை 25-ஆம் தேதி வெளியான 'மகாவதார் நரசிம்மா' கார்ட்டூன் படம் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஓடியது. பொள்ளாச்சிக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். தியேட்டரில் சில பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரணியனைவிட ஆம்பளைத்தனம் காட்டிய அப்பா கதைகளில் இல்லை. தவம், வரம், மூன்று உலகம், யாரும் எதிர்த்துப் பேச முடியாத அதிகாரம். எதிரே ஒரு பாலகன். மலையிலிருந்து தள்ளுகிறார்கள், யானைக் காலில் போடுகிறார்கள், நெருப்பில் இறக்குகிறார்கள். ஒருமுறைகூடத் திருப்பி அடிக்கவில்லை. பயந்து ஒதுங்கவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான், அவ்வளவுதான். மீனாட்சிபுரத்து வீட்டுக்காரர் தைரியம் என்றாரே, இதைவிடத் தைரியம் எங்கே?

ஆனால் விசில் எப்போது விழுந்தது? தூண் பிளந்தபோது. எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது நகத்தை நீட்டிக்கொண்டு உறுமி விளையாடுகிறார்கள். பிரகலாதனாக இருக்க ஒருத்தனும் வருவதில்லை. கண்ணை மூடி உட்கார்வது விளையாட்டாகாது என்பார்கள், அது வாஸ்தவம்தான்.

பாகவதத்தில் கதை வயிறு கிழிவதோடு முடியாது. நரசிம்மத்தின் கோபம் அடங்கவில்லை. தேவர்கள் கிட்டே போகப் பயப்படுகிறார்கள், லட்சுமியே தயங்குகிறாள். பிரம்மா அந்தச் சிறுவனை அனுப்புகிறார். அவன் போய் விழுந்து வணங்குகிறான், சிங்கம் அவன் தலைமேல் கை வைக்கிறது. என்ன வரம் வேண்டும் என்று கேட்டபோது, தன்னை அத்தனை பாடுபடுத்திய அப்பாவின் பாவம் தீர வேண்டும் என்று கேட்கிறான்.

என் பாட்டி கதை சொல்லும்போது தூணை அவசரமாகக் கடந்து இந்த இடத்தில்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். பிரகலாதனுக்கு அப்பா இனித் திரும்பி வரப்போவதில்லை, கட்டிக்கொள்ளப் போவதும் இல்லை. அப்படியும் கேட்டானே என்பாள். 19-ஆம் தேதி நான் கேட்ட பையன் இவன்தான்.

ஆகஸ்ட் 25

பீமைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று கம்பத்துக்காரர் எழுதியிருக்கிறார். 2008-இலிருந்து போகோ சேனலில் வருகிறது, ஐதராபாத்தில் செய்கிறார்கள். லட்டு தின்றால் பலம், பலம் வந்தால் குத்து, குத்தினால் ஊர் பிழைக்கும். பீம் நல்ல பையன்தான், கெடுதல் சொல்லித் தருவதில்லை. ஆனால் அவன் வளர்வதே இல்லை. முதல் நாள் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கிறான். அழவும் மாட்டான், சந்தேகப்படவும் மாட்டான். பொழுதுபோக்குக்குப் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். வளர்வதைக் காட்ட வேறு படம் வேண்டும்.

ஆகஸ்ட் 27

அதே கம்பத்துக்காரரின் அடுத்த கேள்வி கனமானது: "இப்ப வர்ற படத்துல அப்பான்னாலே கோமாளி. சமையல் தெரியாது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரத் தெரியாது. அம்மா வெளியே போய் சாகசம் பண்றா. இது நியாயமா?"

2018-இல் வந்த 'இன்கிரெடிபிள்ஸ் 2'-ஐச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அதில் அப்பா பாப் வீட்டோடு இருக்கிறார். மகனுக்குக் கணக்குச் சொல்லித் தர முடியவில்லை, கைக்குழந்தை தூங்கவிடுவதில்லை, பெரிய பெண்ணின் மனசை நோகடித்துவிடுகிறார். சிரிப்பு வருகிறது, உண்மை. ஆனால் அவர் ராத்திரி எழுந்து உட்கார்ந்து அந்தப் புதுமுறைக் கணக்கைத் தானே படித்து, விடியலில் மகனை எழுப்பிச் சொல்லித் தருகிறார். தூக்கக் கலக்கத்தோடு மகளிடம், நான் சரி செய்யப் பார்த்தேன், கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்கிறார். கோமாளி மன்னிப்புக் கேட்கமாட்டான். ரயிலைக் கையால் நிறுத்திய ஆளுக்கு அந்த ராத்திரிதான் கஷ்டமான வேலையாக இருந்தது. அதைக் காட்டியது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

கேரளத்தில் 2024-இல் மூன்றாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்ததே, அதில் அப்பா சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் இருந்தது. பத்திரிகைகளிலெல்லாம் செய்தி ஆயிற்று. எங்கள் டீக்கடையிலும் ஒரு வாரம் அதே பேச்சு. ஒரு பெரியவர், "ஆம்பளயத் தேங்கா துருவ வெச்சுட்டாங்க" என்று வருத்தப்பட்டார். அந்தப் பெரியவர் யார் தெரியுமா? வேலந்தாவளம் வரைக்கும் கல்யாணங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். முகூர்த்த நாளில் மூட்டை மூட்டையாகத் தேங்காய் துருவ வைப்பவர். ஐநூறு பேர் பந்திக்கு அவியல் கிண்டினால் அது தொழில். சொந்த வீட்டில் நாலு பேருக்குச் சட்னி அரைத்தால் அது மானக்கேடு.

மென்மைக்குக் கூலி கேட்கிற பழக்கம் படம் எடுக்கிறவர்களிடம் மட்டும் இல்லை என்று அன்றைக்குப் பட்டது. சம்பளம் வருகிறதென்றால் எந்த வேலையும் ஆம்பளை வேலை ஆகிவிடுகிறது. பரிசோ வெற்றியோ வருகிறதென்றால் எந்த மனசும் ஆம்பளை மனசு ஆகிவிடுகிறது. சும்மா, பிரியத்துக்காகச் செய்தால்தான் சிரிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் தங்கை மகன். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டோடுதான் இருக்கிறான். ஒன்பதாவது போகும்போது கையில் எது கிடைத்தாலும் எறிவான். ஒருதரமும் அழுது பார்த்ததில்லை. சாவு வீட்டிலேயே பெரியவர்கள் முதுகில் தட்டி, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது" என்றார்கள். அன்பில் சொன்னதுதான். பக்கத்து வீட்டு சேட்டனும் மலையாளத்தில் அதையேதான் சொன்னார். எல்லையின் இரண்டு பக்கமும் அந்த ஒரு வாசகம் மாறுவதில்லை. பதிமூன்று வயசுப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான்.

ஒரு லீவில் 'பிக் ஹீரோ 6' ஓடிக்கொண்டிருந்தது, 2014-இல் வந்த படம். ஹிரோ என்ற பையனுக்கு அண்ணன்தான் எல்லாம். அண்ணன் தீ விபத்தில் போய்விடுகிறான், அவன் செய்துவைத்த வைத்திய ரோபோ பேமேக்ஸ் மிஞ்சுகிறது. வெள்ளையாக, காற்றடைத்த தலையணை போல இருக்கும். ஹிரோ அதற்குக் கவசம் மாட்டி, சண்டைக்கென்று சிவப்பு அட்டை ஒன்று போடுகிறான். அண்ணன் சாவுக்குக் காரணமானவன் யாரென்று தெரிந்ததும், அண்ணன் எழுதிய பச்சை அட்டையை உருவி எறிந்துவிட்டு, "கொல்லு" என்கிறான். சிவப்பு மட்டும் உள்ளே இருக்க, அந்த ரோபோவின் கண் மாறுகிறதே, நடுங்கிப்போய்விடும்.

கூட்டாளிகள் தடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் தரம் பச்சை அட்டையை உருவ முயலும்போது பேமேக்ஸ் விடமாட்டேன் என்கிறது. கோபத்துக்குப் பதில் சொல்லாமல் தன் வயிற்றுத் திரையில் அண்ணன் எடுத்த சோதனை வீடியோக்களை ஓட்டுகிறது. ஒவ்வொரு சோதனையும் தோல்வி. அண்ணன் அலுத்துக்கொள்கிறான், சிரிக்கிறான், அடுத்தது என்கிறான். 84-ஆவதில்தான் வேலை செய்கிறது. ஹிரோவின் கோபம் கரைந்து கண்ணீராகிறது.

என் மருமகன் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே அதைப் பார்த்தான். உட்கார் என்றேன், உட்காரவில்லை. முடிந்ததும் வெளியே போய்விட்டான். மறுநாள் எல்லோரும் தூங்கிய பிறகு அந்த வீடியோ வரும் இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் எழுந்து போகவில்லை. படம் பார்த்து மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். அதற்கு அப்புறமும் எறிந்தான், கொஞ்ச காலம். ஆனால் கோபத்துக்குக் கீழே வேறொன்று கிடக்கிறது என்று அவனுக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள். நாங்கள் யாரும் அதைக் காட்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 2

'இன்சைட் அவுட்' ஏன் வரவில்லை என்று கேட்டவருக்கு. வராமல் இருக்குமா? 2015 படம். சாப்பாட்டு மேஜைக் காட்சியைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொருத்தர் தலைக்குள்ளும் ஐந்து உணர்ச்சிகள். அம்மா தலைக்குள் நடு நாற்காலியில் சோகம் உட்கார்ந்திருக்கிறது, அப்பா தலைக்குள் கோபம். அம்மா கண்ணால் ஏதோ ஜாடை காட்டுகிறாள். அப்பா மனசில் அந்நேரம் ஹாக்கி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன ஜாடை என்றே புரியாமல் பெண்ணை அதட்டி மாடிக்கு அனுப்பிவிடுகிறார். சிரித்துவிட்டு யோசித்தால், ஆண்கள் தலைக்குள் கோபத்தை எஜமானாக உட்கார வைத்தது யார் என்று படம் கேட்கவே இல்லை. அது எனக்குக் குறைதான்.

ஆனால் முடிவில் ஈடுகட்டிவிடுகிறது. அந்தப் பெண் ரைலி வீடு திரும்பி, பழைய ஊர் ஞாபகமாகவே இருக்கிறது, என் மேல் கோபப்படாதீர்கள் என்று அழுகிறாள். அப்பா என்ன செய்கிறார்? "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த ஊர் ஞாபகமாகத்தான் இருக்கிறது, நாம் நடந்த காடு ஞாபகம் வருகிறது என்கிறார். அவ்வளவே. அவர்கள் பழைய ஊரான மினசோட்டாவுக்குத் திரும்பிப் போகவில்லை. பிரச்சினை எதுவும் தீரவில்லை. கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போயிருக்கின்றன. மலையாளத்தில் படித்த பிள்ளை அங்கே போய்ப் புதுப் பள்ளிக்கூடத்தில் முழிக்கும். "போகப் போகப் பழகிடும்" என்பதுதான் அப்பாக்கள் சொல்லும் ஒரே பதில். "எனக்கும் நம்ம ஊர் ஞாபகம் வருதுடா" என்று ஒரு அப்பா சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் ஆகஸ்ட் முழுக்க இங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3

மீனாட்சிபுரத்து அம்மணி மறுபடியும் எழுதியிருக்கிறார். ரிமோட் திரும்பக் கிடைத்துவிட்டதாம். வீட்டுக்காரர் திண்ணையில் போன் பார்ப்பது போல உட்கார்ந்து ஜன்னல் வழியாக வலைக் காட்சியைப் பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். ஓண லீவில் என்ன காட்டலாம் என்று கேட்கிறார்.

முதலில் டோட்டோரோ. எட்டு வயசுக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் இடத்தில் பையன் அழலாம். அழட்டும், சோறு கொஞ்ச நேரம் கழித்து இறங்கும். நரசிம்மா இப்போது வேண்டாம். அந்த ரத்தம் பெரிய பிள்ளைகளுக்கானது. பிரகலாதன் கதையை நீங்களே ராத்திரியில் சொல்லுங்கள், தூணோடு நிறுத்தாமல் அப்பாவுக்காக வரம் கேட்பது வரைக்கும். பிக் ஹீரோ கொஞ்சம் வளரட்டும்.

பையனின் அப்பாவுக்கென்று ஒன்று சொல்கிறேன்: 2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்'. மைல்ஸின் அப்பா போலீஸ்காரர், முறைப்பான ஆள். பள்ளி வாசலில் போலீஸ் காரை நிறுத்தி, மகன் தன்மேல் பிரியம் என்று திருப்பிச் சொல்லும்வரை மைக்கில் விடாமல் கேட்டு மானத்தை வாங்குவார். பிறகு ஒரு சாவு. மகனுடைய அறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார். உள்ளே மைல்ஸ் வாயும் கையும் சிலந்தி நூலால் கட்டுண்டு கிடக்கிறான், அது அவருக்குத் தெரியாது. பதிலே வராத கதவிடம் தன் கூடப்பிறந்தவர் செத்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார், முடிக்க முடியவில்லை. உன்னிடம் இருக்கும் பொறியை நான் பார்க்கிறேன் என்கிறார். இந்தத் தடவை நீ பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். முதலில் மைக்கில் கேட்டு வாங்கியவர் இப்போது கேட்காமலே கொடுக்கிறார்.

பையனுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், அவர் இப்போதே பார்க்கட்டும். சண்டைப் படம்தான் வேண்டும் என்றாரே, அதில் சண்டை நிறைய இருக்கிறது. அதைச் சொல்லியே உட்கார வையுங்கள்.